தூங்குவது வேறு, சாவது வேறு: தேயிலை, தேன், பச்சைக் கரைப்பான்கள்

“ஆர்ட்ஸ் படிக்கிற ஒங்களுக்கு என்சைம் எதுக்குடா?” இந்தக் கட்டுரையை எழுதப் போகிறோம் என்று சொன்னதும் கூட்டாளிகள் கேட்ட முதல் கேள்வி இதுதான். கேட்கத்தான் செய்வார்கள். இந்தப் பக்கத்தில் நாங்கள் வழக்கமாக எழுதுவது நாவல், சினிமா, நாடகம், கொஞ்சம் அரசியல். நாங்கள் ஐந்து பேர், பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடம். தமிழ், வரலாறு, புவியியல், சமூகவியல் என்று ஆளுக்கொரு பாடம். ஆனால் ஒன்று பொதுவாக இருக்கிறது. எல்லாருமே கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள்: தெல்தோட்டை, கலஹா, புசல்லாவை, ஹந்தானை. எங்கள் வீடுகளில் யாராவது ஒருவர் மலையில் கொழுந்து எடுத்திருப்பார், இல்லாவிட்டால் ஸ்டோரில் வேலை செய்திருப்பார். அதாவது நாங்கள் நொதியத்தை வைத்துப் பிழைத்த குடும்பங்கள். அந்தப் பெயர் மட்டும்தான் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இந்த வருஷம் ‘இயற்கைப் பச்சைக் கரைப்பான்கள்’ என்ற விஷயத்தைப் பற்றி வாசிக்கத் தொடங்கினோம். சீனி, கிளிசரோல், பழ அமிலம் போன்ற பொருட்களால் ஆன திரவங்களுக்குள் நொதியங்களைப் போட்டால் அவை எப்படி வேலை செய்கின்றன, எவ்வளவு காலம் தாங்குகின்றன என்பதுதான் அந்த ஆய்வுகளின் மையம். வாசிக்க வாசிக்க ஒன்று தெளிவானது. ஒரு நொதியம் வேகமானதா மந்தமானதா என்று அதைத் தனியாக வைத்துக் கேட்க முடியாது. எதற்குள் இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். ஒரே நொதியம் ஒரு திரவத்தில் ஓடியாடி வேலை செய்யும், இன்னொன்றில் தூங்கும், வேறொன்றில் செத்துப்போகும். தூங்குவதும் சாவதும் வெளியே இருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். அங்கேதான் பிழையான முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

ஸ்டோரில் நடப்பது

தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குவோம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். எங்களில் ஒருவரின் ஊரிலிருந்து அது கிட்டத்தான். அவருக்கு அப்போது ஃபெக்டரி கிடையாது. பங்களா விறாந்தையில் மேசை போட்டு, கொழுந்தைக் கையால் உருட்டித்தான் முதல் தேயிலை செய்யப்பட்டது. அந்த உருட்டல் எதற்கு? இலையை அழகாகச் சுருட்டுவதற்கு இல்லை. இலையின் கலங்களை உடைப்பதற்கு.

கொழுந்துக்குள் பொலிபீனோல் ஒட்சிடேசு என்று ஒரு நொதியம் இருக்கிறது. அது வேலை செய்ய வேண்டிய பொருளான கற்றெக்கின்களும் அதே இலையில் இருக்கின்றன. ஆனால் இரண்டும் கலத்துக்குள் வேறு வேறு அறைகளில் இருக்கின்றன: நொதியம் பச்சையவுருமணியில், கற்றெக்கின் புன்வெற்றிடத்தில். இலை முழுசாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. உருட்டினால் சுவர் உடைகிறது, சாறு கலக்கிறது, காற்றில் உள்ள ஒட்சிசனும் சேர்கிறது. பச்சை இலை செம்பு நிறமாகிறது. நாம் குடிக்கிற பிளேன்டியின் நிறமும் துவர்ப்பும் அங்கே பிறக்கின்றன. இதை ஆங்கிலத்தில் ‘ஃபெர்மென்டேஷன்’ என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். உண்மையில் அதைச் செய்வது கிருமியும் இல்லை, நுரைமமும் இல்லை. இலையின் சொந்த நொதியம் செய்கிற ஒட்சியேற்றம்தான் அது.

இதை எங்கள் அம்மாமார் வேறு பாஷையில் சொல்லுவார்கள். “சாக்குல போட்டு அமுக்காத புள்ள, கொழுந்து செவந்து போகும், மடுவத்துல ஏசுவாங்க.” அமுக்கினால் இலை நசுங்கும், சூடேறும், நொதியம் நேரத்துக்கு முன்னமே வேலையைத் தொடங்கிவிடும். சிவந்த கொழுந்தைக் கணக்கில் கழித்துவிடுவார்கள். ஆகவே நொதியத்தின் உயிர்ப்பு எங்கள் வீட்டில் சம்பளத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

ஸ்டோருக்குள் வந்த பிறகு நடப்பதெல்லாம் ஒரு வகையில் தண்ணீரைக் கையாளுகிற வேலை. பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்கு தண்ணீர். முதலில் காற்று விட்டு வாட்டுவார்கள். அப்போது தண்ணீர் குறைகிறது, கலத்துச் சாறு தடிக்கிறது. பிறகு உருட்டுவார்கள், பரப்பி வைப்பார்கள். நிறமும் மணமும் சரியாக வந்த நிமிஷத்தில் ட்ரையருக்குள் அனுப்புவார்கள். அந்தச் சூடு நொதியத்தின் உருவத்தைக் குலைத்துவிடும். கடைசியில் தேயிலைத்தூளில் மிஞ்சுவது மூன்று வீதம் அளவு ஈரம்தான். கிறீன் டீ செய்கிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலிலேயே நீராவியிலோ சூடான தட்டிலோ நொதியத்தைக் கொன்றுவிடுகிறார்கள், அதனால் இலை பச்சையாக நிற்கிறது. ஒரே செடி, ஒரே கொழுந்து. நொதியத்தை எப்போது நிறுத்துகிறோம் என்பதில்தான் முக்கியமான வித்தியாசம்.

ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட ஒரு பழைய ஸ்டோர் இப்போது தேயிலை நூதனசாலையாக இருக்கிறது. பழைய உருட்டும் மெஷின்கள் அங்கே நிற்கின்றன. நாங்கள் போய்ப் பார்த்தபோது ஸ்டோரில் 20 வருஷம் வேலை செய்த ஓர் அப்பாவும் கூட வந்தார். எந்த மெஷினுக்குப் பக்கத்தில் என்ன மணம் வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். “பச்ச வாட போயி பழ வாட வரும். அப்ப எடுத்துறணும். விட்டா கெட்டுரும்.” நொதியத்தின் வேகத்தை மூக்கால் அளந்த மனிதர் அவர்.

ஒரு ஆப்பிள், ஐந்து கோப்பை

இதே நொதியத்தின் சொந்தக்காரர்கள் சமையலறையிலும் இருக்கிறார்கள். வெட்டிய கத்தரிக்காய், வாழைக்காய், வாழைப்பூ கறுப்பது இதனால்தான். வாழைப்பூவை மோரில் போடுவதும், வெட்டிய பழத்தில் தேசிக்காய் பிழிவதும் நொதியம் இருக்கிற சூழலை மாற்றுகிற வேலைகள்.

போர்டிங் அறையில் நாங்களும் ஒன்று செய்து பார்த்தோம். கண்டி மார்க்கெட்டில் வாங்கிய ஒரு ஆப்பிளை ஐந்து துண்டாக்கினோம். ஒன்று சும்மா, ஒன்று தண்ணீரில், ஒன்று தேசிக்காய்ச் சாற்றில், ஒன்று கெட்டியான சீனிப்பாகில், ஒன்று மூன்று நிமிஷம் கொதிக்க வைத்தது. ஒரு மணித்தியாலத்தில் சும்மா வைத்தது நல்லாவே பழுப்பாகியிருந்தது. பாகில் கிடந்தது வெளுப்பாகவே இருந்தது. கொதிக்க வைத்ததும் அப்படித்தான். பிறகு இரண்டையும் கழுவித் துடைத்து வெளியே வைத்தோம். பாகில் இருந்த துண்டு மெதுமெதுவாக நிறம் மாறியது. கொதித்த துண்டு கடைசிவரை மாறவில்லை.

பாகு காற்றையும் மறைக்கும். ஆகவே இது சுத்தமான பரிசோதனை இல்லை என்று எங்களுக்கும் தெரியும். ஆனாலும் சொல்ல வந்த விஷயம் கோப்பைக்குள் தெரிகிறது. இரண்டு துண்டும் ஒரே மாதிரி வெளுப்பாகத்தான் இருந்தன. ஒன்றுக்குள் நொதியம் செத்திருந்தது, மற்றதற்குள் காத்திருந்தது.

தண்ணீர் மட்டும்தானா?

நொதியம் என்பது ஒரு புரதம். நீளமான ஒரு நூலைக் குறிப்பிட்ட விதத்தில் மடித்துச் சுருட்டி வைத்தது போன்றது. அந்த மடிப்புக்குள் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். மாற்றப்பட வேண்டிய பொருள் அங்கே வந்து பொருந்தும். மடிப்பு குலைந்தால் பள்ளம் போய்விடும், வேலையும் நின்றுவிடும். ஆனால் மடிப்பு இரும்பு மாதிரி விறைப்பாக இருந்தாலும் வேலை நடக்காது. கொஞ்சம் அசைந்து கொடுக்க வேண்டும். அந்த அசைவைத் தருவது சுற்றியிருக்கிற தண்ணீர். அதே தண்ணீர்தான், சூடு ஏறும்போது மடிப்பு அவிழ்வதற்கும் துணை போகிறது.

இதனால் ரொம்ப காலமாக நொதியம் என்றாலே தண்ணீர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1984இல் அமெரிக்காவில் அலெக்ஸ் சாக்ஸ், அலெக்சாண்டர் கிளிபனோவ் என்ற இருவர் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை அதை அசைத்தது. பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த லிப்பேசு என்ற கொழுப்பை உடைக்கும் நொதியத்தை, கிட்டத்தட்ட தண்ணீரே இல்லாத சேதனக் கரைப்பானில் போட்டார்கள். 100 பாகை செல்சியஸில் பல மணித்தியாலம் அது தாங்கியது. தாங்கியதோடு நிற்காமல் அந்தச் சூட்டில் வேலையும் செய்தது. தண்ணீரில் இருந்தால் அந்தச் சூட்டில் சீக்கிரமே போய்ச் சேர்ந்திருக்கும். தண்ணீர் குறைந்ததால் மடிப்பு அவிழ வழியில்லாமல் விறைத்துக்கொண்டது என்பதுதான் விளக்கம்.

அப்படியானால் எல்லாவற்றையும் சேதனக் கரைப்பானில் செய்துவிடலாமே? முடியாது. அவற்றில் பல ஆவியாகி மூச்சில் ஏறும், தீப்பிடிக்கும், ஆற்றில் கலந்தால் போகாது. பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும். கரைப்பான் என்பது கடைசிப் பொருளில் இருக்காது. ஆனால் அதைத் தொட்டு வேலை செய்கிற ஆளின் நுரையீரலில் இருக்கும். 1998இல் போல் அனஸ்டாஸ், ஜோன் வார்னர் இருவரும் பசுமை வேதியியலுக்கு 12 கொள்கைகளை எழுதியபோது, ஆபத்தில்லாத கரைப்பான் என்பதை அதில் ஒன்றாக வைத்தார்கள். தேடல் அந்தப் பக்கம் திரும்பியது.

யூரியா செய்த வேலை

யூரியா எங்களுக்குத் தெரிந்த பொருள். தேயிலைக்குப் போடுகிற உரம். ஆய்வுகூடத்தில் அதற்கு வேறு பெயர் உண்டு: புரதத்தை அவிழ்க்கிற ஆள். தண்ணீரில் யூரியாவை மிக அதிகமாகக் கரைத்து நொதியத்தைப் போட்டால் மடிப்பெல்லாம் கழன்றுவிடும்.

2003இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அன்ட்ரூ அபொட்டும் அவரது குழுவும் யூரியாவையும் கோலின் குளோரைட்டு என்ற உப்பையும் சேர்த்தார்கள். இரண்டுமே திண்மங்கள். யூரியா உருகுவதற்கு 133 பாகை வேண்டும், கோலின் குளோரைட்டுக்கு 300க்கும் மேல். ஒரு பங்கு உப்பு, இரண்டு பங்கு யூரியா என்று கலந்தால் 12 பாகையிலேயே திரவமாக நிற்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஐதரசன் பிணைப்பால் பிடித்துக்கொள்வதால், தனித்தனியாகப் பளிங்காக அடுக்கிக்கொள்ள முடிவதில்லை. இந்த வகைத் திரவங்களுக்கு ‘ஆழ் நல்லுருகு கரைப்பான்’ என்று பெயர்.

2008இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இந்தத் திரவங்களுக்குள் சில லிப்பேசுகளைப் போட்டுப் பார்த்தார்கள். யூரியா இருக்கிறது, ஆகவே நொதியம் அவிழ்ந்துவிடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அப்படி நடக்கவில்லை. நன்றாகவே வேலை செய்தன. உப்போடு கட்டுண்டு கிடக்கிற யூரியாவுக்குப் புரதத்தைப் பிடித்து இழுக்கக் கை மிச்சமில்லை. இந்த இடத்தில்தான் நாங்கள் வாசிப்பதை நிறுத்திக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். யூரியா கெட்டது என்பதும் தனியாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. அதுவும் யாரோடு இருக்கிறது என்பதைப் பொறுத்ததுதான்.

2011இல் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யங் ஹே சோய், ரொபர்ட் வெர்பூர்ட்டே ஆகியோரின் குழு இன்னும் ஒரு படி போனது. தாவரக் கலங்களில் குளுக்கோசு, புரக்டோசு, சுக்குரோசு, மலிக் அமிலம், சித்திரிக் அமிலம், கோலின், அமினோ அமிலங்கள் ஏராளமாகக் கிடக்கின்றன. இவற்றைச் சரியான விகிதத்தில் கலந்தாலும் இதே மாதிரித் திரவம் கிடைக்கிறது. அப்படியென்றால் கலத்துக்குள் தண்ணீரும் கொழுப்பும் தவிர மூன்றாவதாக ஒரு திரவம் இருக்கலாமே என்று அவர்கள் கேட்டார்கள். வறட்சியிலும் குளிரிலும் செடி தன் புரதங்களைக் காப்பாற்றிக்கொள்வது அதற்குள் வைத்துத்தானோ? இது ஒரு கருதுகோள். ஆனால் அதிலிருந்து ‘நேடஸ்’ எனப்படும் இயற்கை ஆழ் நல்லுருகு கரைப்பான்கள் என்ற துறை வளர்ந்தது.

தேனுக்குள்

இதற்குக் கண்டியில் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. எங்களில் வரலாறு படிக்கிறவர் கொண்டுவந்தது. 1660இல் பிடிபட்டு 19 வருஷம் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸ், தப்பிப் போய் 1681இல் இலங்கையைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். வேடர்கள் மரத்தைக் குடைந்து தேன் ஊற்றி, அதற்குள் இறைச்சியை வைத்துக் களிமண்ணால் மூடி, பஞ்ச காலத்துக்காகச் சேமித்து வைப்பார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார்.

ஏன் கெடவில்லை? முற்றிய தேனில் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. மிச்சமெல்லாம் பெரும்பாலும் குளுக்கோசும் புரக்டோசும். இருக்கிற கொஞ்சத் தண்ணீரையும் சீனி பிடித்து வைத்துக்கொள்கிறது. கிருமிக்குக் குடிக்க மிஞ்சுவதில்லை. அதுமட்டுமில்லை. தேனீ தன் சுரப்பியிலிருந்து குளுக்கோசு ஒட்சிடேசு என்ற நொதியத்தைத் தேனில் சேர்க்கிறது. கெட்டித் தேனில் அது கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. தேனில் தண்ணீர் சேர்ந்தால் விழித்துக்கொள்ளும். குளுக்கோசை மாற்றி ஐதரசன் பரவொட்சைட்டை உண்டாக்கும். அது கிருமிகொல்லி. ஈரமான புண்ணில் தேன் தடவுவது உதவுவதற்கு இதுவும் ஒரு காரணம். மாசக்கணக்காகப் போத்தலில் இருந்த நொதியம், ஈரம் பட்டவுடன் வேலைக்கு வருகிறது. ஆனால் அதே தேனை நன்றாகக் காய்ச்சிவிட்டால் பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் எழும்பாது.

கித்துளிலும் இதே கணக்கு. கண்டிப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களில் கித்துள் பூவைச் சீவிப் பதநீர் எடுக்கும்போது, முட்டிக்குள் ஹல் மரத்தின் பட்டையைப் போடுவார்கள். இல்லாவிட்டால் சீக்கிரமே புளித்துக் கள்ளாகிவிடும். பிறகு காய்ச்சிப் பாணியாக்குகிறார்கள். பதநீர் ஒரு நாள் தாங்காது, பாணி மாசக்கணக்கில் தாங்கும். இரண்டிலும் இருப்பது அதே சீனிதான். தண்ணீரின் அளவு மட்டும் மாறியிருக்கிறது, நடுவில் நெருப்பு ஒருதரம் வந்து போயிருக்கிறது.

வேகமா, ஆயுளா?

வாசித்ததை எல்லாம் சேர்த்து எங்கள் பாஷையில் சொன்னால் இப்படி வரும். காலையில் ஏழு மணி கலஹா பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நெரிசலில் யாரும் விழ மாட்டார்கள், விழ இடமில்லை. ஆனால் கையை நீட்டிப் பாக்கெட்டிலிருந்து காசெடுக்கவும் முடியாது. கெட்டியான சீனித் திரவத்துக்குள் நொதியத்தின் நிலைமை இதுதான். மடிப்பு அவிழாது, ஆகவே ஆயுள் கூடும். அசைய முடியாது, ஆகவே வேகம் குறையும். அது வேலை செய்ய வேண்டிய பொருளும் தேன் மாதிரித் தடித்த திரவத்துக்குள் ஊர்ந்துதான் வந்து சேர வேண்டும்.

இதனால் இந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிற கேள்வி, எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது என்பது. கொஞ்சம் சேர்த்தால் திரவம் இளகும், நொதியம் அசையும், வேகம் வரும். கூடிப்போனால், அதாவது பாதி அளவுக்கு வந்துவிட்டால், அந்தத் திரவத்தின் பிணைப்புகளே கலைந்துவிடும். பிறகு அது விசேஷமான கரைப்பான் இல்லை, வெறும் சீனித் தண்ணீர். பாதுகாப்பும் போய்விடும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அது ஒவ்வொரு நொதியத்துக்கும் வேறு. எதில் என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பொறுத்தும் மாறும்.

என்ன பொருளால் ஆன திரவம் என்பதும் முக்கியம். கிளிசரோல், சோர்பிற்றோல், சீனி சேர்ந்தவை பெரும்பாலும் நொதியத்தைக் காக்கின்றன. மலிக், சித்திரிக் அமிலங்கள் சேர்ந்தவை புளிப்பு கூடியவை. பல நொதியங்கள் அவற்றில் தாங்குவதில்லை. இரண்டுமே இயற்கையானவை. ‘இயற்கை’ என்ற சொல் நொதியத்துக்கு நல்லது என்று உத்தரவாதம் தருவதில்லை. தேசிக்காயும் இயற்கைதான், தேனும் இயற்கைதான்.

பச்சை என்ற சொல்

‘பச்சை’ என்ற சொல்லையும் அப்படியே விழுங்கிவிட வேண்டாம். கோலின் நம் உடம்பில் இருக்கிற பொருள்தான். ஆனால் தொழிற்சாலையில் வாங்குகிற கோலின் குளோரைட்டு பெரும்பாலும் பெற்றோலிய மூலப்பொருட்களிலிருந்து செய்யப்படுகிறது, கோழித் தீவனத்துக்காக. இந்தத் திரவங்கள் ஆவியாகாதது நல்ல விஷயம், யாருடைய நுரையீரலுக்கும் போகாது. அதே காரணத்தால் வேலை முடிந்தபின் பொருளிலிருந்து இவற்றைப் பிரித்தெடுப்பது கஷ்டம். தடிப்பாக இருப்பதால் குழாயில் தள்ளுவதற்குக் கூடுதல் சக்தி வேண்டும். ஒரு திரவம் பச்சையா என்று கேட்டால், எங்கிருந்து வந்தது, யார் கையில் பட்டது, கடைசியில் எங்கே போகிறது என்று மூன்றையும் கேட்க வேண்டும்.

இதை நாங்கள் சும்மா சொல்லவில்லை. 2021 மே மாதம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி ஒரே இரவில் நிறுத்தப்பட்டது. பச்சை விவசாயம் என்று சொன்னார்கள். நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். 2021இல் கிட்டத்தட்ட 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடியானது. பொருளாதார நெருக்கடியும் அதில் சேர்ந்துகொண்டது. அந்த வருஷங்களில் மலையில் கொழுந்து கிடைக்காமல் எடை குறைந்த நாட்களை எங்கள் வீடுகள் மறக்கவில்லை. சேதனப் பசளை கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. ஒன்று வாழ்கிற சூழலை மாற்றுவதென்றால் கொஞ்சம் கொஞ்சமாக, அளந்து, பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும். ஆய்வுகூடத்தில் ஒரு துளி நொதியத்துக்குச் செய்கிற மரியாதை அது. தோட்டத்துக்கு யாரும் அதைச் செய்யவில்லை.

மூலம்

நொதியத்தைச் சூழ்ந்திருப்பதை ஆங்கிலத்தில் மீடியம் என்கிறார்கள். பாடசாலையில் தமிழ் மூலம், சிங்கள மூலம் என்று சொல்கிறோமே, அதற்கும் அதே சொல்தான்.

நாங்கள் ஐந்து பேரும் ஏன் கலைப்பீடத்தில் இருக்கிறோம்? மூன்று பேர் விரும்பி வந்தவர்கள். இலக்கியமும் வரலாறும் இல்லாமல் எங்களால் இருக்க முடியாது, அதில் எங்களுக்குப் பெருமைதான். மற்ற இரண்டு பேருக்கும் தெரிவே இருக்கவில்லை. இந்த நாட்டில் உயர்தரத்தில் விஞ்ஞானம் இருக்கிற பாடசாலைக்கு 1ஏபி என்று பெயர். கலையும் வர்த்தகமும் மட்டும் இருந்தால் 1சி. அவர்கள் படித்தது 1சி. சாதாரண தரத்தில் விஞ்ஞானப் பாடத்துக்கு ஒன்றரை வருஷம் ஆசிரியர் இல்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் 1970களில் பொறுப்பேற்றது. அரை நூற்றாண்டு தாண்டியும் ‘தோட்டத்துப் புள்ளைங்களுக்கு சயன்ஸ் ஏறாது’ என்ற பேச்சு ஸ்டாஃப் ரூமிலும் கேட்கிறது, பஸ்ஸிலும் கேட்கிறது.

மனிதரை நொதியத்தோடு ஒப்பிடுவது ஓவர் என்று எங்களுக்குள்ளேயே ஒருத்தி சொன்னாள். சரிதான். நொதியத்துக்குக் கோபம் வராது, எங்களுக்கு வரும். ஆனாலும் அந்தப் பேச்சில் இருக்கிற பிழை எங்களுக்கு இப்போது பெயரோடு தெரிகிறது. எதற்குள் வைத்தீர்கள் என்று கேட்காமல், வேலை செய்யவில்லை என்று எழுதிவிடுவது. தூங்குகிறதா செத்துவிட்டதா என்று பார்ப்பதற்கு ஒரு துளி தண்ணீர்கூட விடாமல் தீர்ப்புச் சொல்வது. மூக்கால் ஒட்சியேற்றத்தை அளந்த மனிதருக்கு விஞ்ஞானம் ஏறாது என்று யார் சொல்வது?

எங்களில் ஒருத்தியின் தங்கை இந்த முறை சாதாரண தரம் எழுதியிருக்கிறாள். விஞ்ஞானத்தில் நல்லாச் செய்வாள். பயோ படிக்க வேண்டும் என்கிறாள். ஊர்ப் பாடசாலையில் அந்தப் பிரிவு இல்லை. தமிழ் மூலத்தில் படிப்பதென்றால் டவுனில் போர்டிங் எடுக்க வேண்டும், மாசக் காசு வேண்டும். அம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா சொல்வதைக் கேட்டுக் கலை செய்துவிட்டால் செலவு மிச்சம் என்று வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறது. அக்கா அப்படிச் சொல்லப் போவதில்லை. போர்டிங் காசில் ஒரு பங்கை நாங்கள் ஐந்து பேரும் மஹாபொலவில் மிச்சம் பிடித்துக் கொடுக்கலாமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முதல் ஆறு மாசத்துக்குச் சமாளிக்கலாம் போலத்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று இனித்தான் பார்க்க வேண்டும்.

இதே நிலைமையில் தம்பி, தங்கை இருக்கிறவர்கள் எங்களோடு பேசுங்கள். எந்தப் பாடசாலையில் தமிழ் மூலம் பயோ இருக்கிறது, எங்கே இடம் கிடைக்கும், போர்டிங்குக்கு எவ்வளவு போகும் என்று ஒரு பட்டியல் போடத் தொடங்கியிருக்கிறோம். கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி மூன்றையும் முதலில் முடிக்கப் போகிறோம்.